மீட்டர் வந்த மூன்று நாட்கள்

வெள்ளத்தாய்க்குத் திங்கட்கிழமை ஆகாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆகாத மாதிரி இல்லை. அன்றைக்கு அவளுக்கு மூச்சு வராது. ஞாயிறு ஒரு நாள் லீவில் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். திங்கள் காலை ஷெட்டுக்குள் நுழைந்து ரெண்டு மணி நேரம் ஆனதும், யாரோ பாவாடை நாடாவை நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும். செவ்வாய், புதனில் பழகிப் போகும். சனிக்கிழமை வந்தால் தனக்கு ஒன்றுமே இல்லை என்று அவளே நினைத்துக்கொள்வாள். மறுபடி திங்கள்.

செட்டியார்பட்டியில் காளிராஜ் முதலாளியின் பஞ்சு ஷெட்டில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருஷம். மில்லில் நூல் நூற்றது போக மிஞ்சுகிற கழிவுப் பஞ்சு அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி நின்று அதை உதற வேண்டும். இலைத்தூள், கொட்டைத் துண்டு, சில நாள் பீடித் துண்டுகூட வரும். எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, பஞ்சு உடைக்கிற மிஷினுக்குள் தள்ள வேண்டும். அதன் பிறகு அந்தப் பஞ்சு வேறு இடத்துக்குப் போய் வெளுத்து, நீலத்தாள் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பஞ்சாக வெளியே வரும். அவ்வளவு வெள்ளையாக இருக்கும். அதிலிருந்த அழுக்கெல்லாம் எங்கே போயிற்று என்று வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. பாதி தரைக்குப் போகும். மீதி பொறுக்குகிறவள் நெஞ்சுக்குப் போகும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தாயால் மேசையில் நிற்க முடியாமல் போனது. முதலாளி அவளை வாசல் பக்கம் மூட்டை தைக்கிற வேலைக்கு மாற்றினார். இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மேசையில் அவள் நின்ற இடத்துக்கு அவளே ஓர் ஆளைத் தர வேண்டும் என்று பேச்சு. அவள் தன் மகள் விஜியைத் தந்தாள். விஜி பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சேரலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா பால்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வாயில்லாதவன், அவனும் தலையாட்டினான். ஒரு வருஷம் ரெண்டாகிவிட்டது.

போன வருஷம் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, வாசலில் கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய்க்கு உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. காய்ச்சல் இருமல் இல்லை, சளி இருமலும் இல்லை. காய்ந்த இருமல், ரெண்டு இருமி, நிறுத்தி, மூச்சைத் தேடி, மறுபடி ஒன்று. அது அவளுடைய இருமல். அவள் வாயில் இல்லை, மகள் வாயில் இருந்தது. ஊசி விரலில் ஏறியதுகூடச் செத்த நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த மாதம்தான் காலேஜ்காரர்கள் வந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து ரெண்டு பேர். பெலிக்ஸ் சார் மெக்கானிக்கல் வாத்தியார். சட்டைப்பையில் நாலு பேனா வைத்திருந்தார். ஷெரின் மேடம் பயோடெக்னாலஜி; நெஞ்சு, நுரையீரல் எல்லாம் அவர் பாடம். ஒரே காரில்தான் வந்தார்கள். ஆனால் இறங்கினதிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சார் முதலாளியிடம் பேசினார், மேடம் பெண்களிடம் பேசினார்.

"புதுசா ஆராய்ச்சி தொடங்குறவங்களுக்கு எங்க யுனிவர்சிட்டியே முதல்ல ஒரு சின்னத் தொகை குடுக்கும்மா. விதை நிதின்னு பேரு" என்றார் மேடம். "அதை வச்சு எட்டு மாசம் வேலை பார்த்து, பிரச்சினை உண்மைன்னு காட்டிட்டா, அதைக் கொண்டுபோய் டெல்லியில பெரிய நிதி கேக்கலாம். ரெண்டு டிபார்ட்மெண்ட் சேர்ந்து செய்யணும்னு கண்டிஷன்."

"சேரலைன்னா?" என்று கேட்டாள் தங்கபாய். மேசையில் விஜிக்கு எதிரே நிற்கிறவள், வாய்க்குப் பூட்டே கிடையாது.

"சேரலைன்னா நிதி கிடையாது."

"அப்ப அய்யா அம்மா பாத்து வச்ச கல்யாணம்தான்" என்று தங்கபாய் வெள்ளத்தாயின் காதில் சொன்னாள். "மூஞ்சியப் பாரேன். வரதட்சணைக்காவச் சேந்து நிக்காவ."

பெலிக்ஸ் சார் மேசைக்கு மேலே கையை விரித்துக் காட்டினார். காற்றில் உள்ள தூசியை மூன்று தடவை அளப்பார்களாம். மேடம் எல்லாரையும் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பாராம். தூசி அளவுக்கு மேல் இருக்கிறது என்று வந்துவிட்டால், டெல்லி நிதியில் இந்த மேசையின் முழு நீளத்துக்கும் தகரக் கூடு ஒன்று செய்து மாட்டுவார்களாம். ஓட்டல் அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற மாதிரி, கிளம்புகிற தூசியை அங்கேயே இழுத்துக் கூரைக்கு வெளியே தள்ளிவிடுமாம்.

"செலவு?" என்றார் முதலாளி.

"உங்களுக்கு ஒரு பைசா கிடையாது."

"அப்ப நல்லாச் செய்யுங்க சார். நம்ம பிள்ளைகளுக்குத்தானே" என்றார் முதலாளி. பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'நம்ம பிள்ளைகள்' என்று வந்ததை வெள்ளத்தாய் அன்றைக்குத்தான் கேட்டாள்.

விண்ணப்பத்தில் உள்ளூர் ஆள் ஒருவர் பெயர் வேண்டுமாம். பத்தாவது வரை படித்தவள், நன்றாகக் கையெழுத்துப் போடுவாள் என்று வெள்ளத்தாயைப் பிடித்தார்கள். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த நீளமான பட்டத்தை வீட்டில் பால்சாமியிடம் ரெண்டு தடவை சொல்லிக் காட்டினாள். அவளுக்கு மனதில் ஓடினதெல்லாம் அந்தத் தகரக் கூடுதான். அது மேலே ஏறிவிட்டால் விஜி அதற்குக் கீழே நிற்பாள். இருமல் நிற்கும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

முதல் தடவை தூசி அளக்கிற மீட்டர் வருகிற நாள் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே வெள்ளத்தாய் பெண்களைக் கூட்டினாள்.

"பெரிய படிப்புப் படிச்சவிய வாராவ. இந்த லெச்சணத்துலயா காட்டுறது? கூரையப் பாருங்கட்டி, தாடி தொங்குற மாதிரிப் பஞ்சு தொங்குது."

"தொங்கத்தான செய்யும். பஞ்சு ஷெட்டுல பின்ன பட்டா தொங்கும்?" என்றாள் தங்கபாய்.

"ஒன் வீட்டுக்கு விருந்தாளி வந்தா இப்படித்தான் போட்டு வச்சிருப்பியா?"

தங்கபாய் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். எந்தப் பெண்ணும் செருகத்தான் செய்வாள். ஆள் வருகிறார்கள் என்றால் கை தானாக விளக்குமாற்றைத் தேடும். ஆபீசர் வந்தாலும் சரி, பெண் பார்க்க வந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர்காரன் வந்தாலும் சரி. வீடு எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நம்ப வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் இடுப்பு ஒடிய வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே இருபத்திரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள். ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டினார்கள். மிஷின் இடுக்கிலிருந்து மூன்று கோணிப் பஞ்சுத் தூசியைக் கையால் பிடுங்கி எடுத்தார்கள். பெருக்கினார்கள். பிறகு தண்ணீர். மற்ற நாட்களில் ஷெட்டுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினால் முதலாளி குதிப்பார். பஞ்சு ஈரம் குடித்தால் மிஷின் உருளையில் சுற்றிக்கொள்ளும். அன்றைக்கு அவரே மோட்டார் போட்டுவிட்டார். எட்டு வாளித் தண்ணீரை வெள்ளத்தாய் மூலை முடுக்கெல்லாம் தெளித்தாள். வாசலில் பெரிய கோலம் போட்டாள். தங்கபாய் நாலு ஊதுபத்தி பொருத்தி வைத்தாள்.

பெலிக்ஸ் சார் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையோரம் வைத்தார். அது காற்றை இழுத்து ஒரு வெள்ளைத் தாள் வழியாக விடுமாம். தூசி அந்தத் தாளில் தங்குமாம். மிஷின் போட்டுச் செத்த நேரத்தில், சத்தத்தில் பேச முடியவில்லை என்று முதலாளி சைகை காட்டி நிறுத்தச் சொன்னார். எல்லாரும் காப்பி குடித்தார்கள். ஷெரின் மேடம் கோலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பதினோரு மணிக்குப் பெட்டியை மூடிவிட்டார்கள். அந்த மீட்டர் காலேஜுக்கே ஒன்றுதானாம். மத்தியானம் வேறு யாருக்கோ வேண்டுமாம்.

மூடும்போது அந்தத் தாளை வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. மகளுக்கு நல்ல மார்க்கு வந்த மாதிரி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வாயெல்லாம் கசக்கும்.

ரெண்டாவது தடவை தீபாவளிக்கு முந்தின வாரம். அதே விளக்குமாறு, அதே வாளி. மூன்றாவது தடவை பொங்கலுக்கு முன்னால். அப்போது வருஷத்துக்கு ஒரு தடவை சுவரில் அடிக்கிற சுண்ணாம்பும் அடித்து முடித்திருந்தார்கள். ஷெட்டு கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

"எம்மா, நாளைக்குத் திங்கக்கிழமை" என்றாள் விஜி, அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. "மீட்டரை நாளைக்குக் கொண்டுவந்தா என்ன? புதங்கெழம எதுக்கு வாராவ?"

"அவியளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? பேசாம தல சீவு."

இதையும் வெள்ளத்தாய்தான் சொன்னாள்.

ஷெரின் மேடத்தின் சோதனை தனியாக நடந்தது. மூச்சை உள்ளே இழுத்து, ஒரு குழாய்க்குள் ஒரே மூச்சில் ஊத வேண்டும். தங்கபாய் ஊதினது சரியாக இருந்தது. "இவ வாய்க்கு அது கொறைஞ்சா வந்துரும்" என்று எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளத்தாய் ஊதினபோது முள் பாதிக்குக்கூட ஏறவில்லை. அது தெரிந்த சங்கதிதான். விஜி ஊதினாள். மேடம் எண்ணைப் பார்த்தார். இன்னொரு தடவை ஊதச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார்.

"இருபது வயசுக்கு இது கம்மிம்மா" என்றார். "இருபத்திரண்டு பேர்ல ஒன்பது பேருக்குக் கம்மியா இருக்கு. இன்னொரு தடவை காலேஜுல பெரிய மிஷின்ல பார்த்துரலாம்."

மாசியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வெள்ளத்தாயும் விஜியும் போனார்கள். ராஜபாளையத்தில் பஸ் ஏறி, வில்லிபுத்தூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். பெரிய மிஷினும் அதே எண்ணைத்தான் சொன்னது. மேடம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார்.

"இதைப் பெலிக்ஸ் சார்ட்ட குடுத்துருங்க. அந்தக் கடைசிக் கட்டிடம். கேட் பக்கம் போகும்போது வழியிலதான்."

"நீங்க குடுக்கலையா மேடம்?"

"எனக்கு அந்தப் பக்கம் போற வேலையே இருக்கிறதில்லைம்மா."

எட்டு மாதமாகச் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிற ரெண்டு பேர். நடுவில் ஒரு விளையாட்டு மைதானம். அந்த மைதானத்தை அந்த உறையோடு தாண்டிப் போனது மூட்டை தைக்கிற வெள்ளத்தாய்தான். விஜி ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

கடைசிக் கட்டிடத்து நடையில் அது நின்றது. தகரக் கூடு. மாதிரிக்கு ஒன்று என்று காலேஜ் பட்டறையிலேயே செய்திருந்தார்கள். பளபளவென்று, அகலமான வாயைக் கீழே காட்டிக்கொண்டு, வளைந்த குழாயோடு. பக்கத்திலிருந்த பையன் சுவிட்சைப் போட்டுக் காட்டினான். வெள்ளத்தாய் அடியில் கையை நீட்டினாள். காற்று மேலே போனது. சேலை முந்தியைப் பிடித்தாள். முந்தி தூக்கிக்கொண்டு குழாயைப் பார்த்துப் போனது.

"ஏட்டி விஜி, இங்க வந்து நில்லேன்" என்றாள். விஜி வந்து கூட்டுக்கு அடியில் நின்றாள். அவள் நெற்றி முடியெல்லாம் மேலே பறந்தது. ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

பெலிக்ஸ் சார் உறையை வாங்கி, மேசைமேல் இருந்த தாள் அடுக்கின் உச்சியில் வைத்தார். பிரிக்கவில்லை.

"இது எப்ப சார் எங்க ஷெட்டுக்கு வரும்?"

"அதுக்கு அவசியம் இருக்காதும்மா" என்றார். நல்ல சேதி சொல்கிற முகம். "மூணு தடவையும் ரீடிங் அளவுக்குள்ளதான் இருக்கு. உங்க யூனிட் ரொம்பச் சுத்தம். மத்த ஊர்ல எல்லாம் நீங்க பார்க்கணும்."

வெள்ளத்தாய்க்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. காலிலிருந்து ஏறி வந்து புரிந்தது.

"சார், அன்னைக்கு நாங்க தண்ணி தெளிச்சோம்."

"என்ன?"

"நீங்க வாரியன்னு தூத்துப் பெருக்கித் தண்ணி தெளிச்சோம் சார். எட்டு வாளி. மூணு தடவையும். மத்த நாள்ல ஒரு சொட்டுத் தெளிக்க விடமாட்டாவ. கூரைய எல்லாம் தட்டிட்டோம். மிஷினும் நிப்பாட்டித்தான கெடந்துச்சு."

பெலிக்ஸ் சார் ஒரு பேனாவை எடுத்தார், திரும்பச் சட்டைப்பையில் வைத்தார்.

"அதை எதுக்கும்மா செஞ்சீங்க?"

"நீங்க வாரியன்னுதான் சார்."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்ல."

"தரை ஈரமாத்தான சார் கெடந்துச்சு. நீங்க பாக்கலையா? ஒங்க செருப்புலகூட ஒட்டுச்சே."

"வழக்கமே அதுதான்னு நெனச்சேன்."

வழக்கம் என்ன என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போது அவளுக்கும் தோன்றவில்லை. அவர் படித்தது மிஷின். அவள் படித்தது விருந்தாளி வந்தால் வாசல் தெளிக்கிறது. ரெண்டு படிப்பும் சேர்ந்து விஜியின் நெஞ்சில் வந்து நின்றது.

"ஒரு தடவை இன்னும் பாத்துருங்க சார். திங்கக்கிழமை வாங்க. யார்ட்டயும் சொல்லாம வாங்க. நான் யாரையும் வெளக்குமாத்தத் தொட விடமாட்டேன்."

"மார்ச்சோட நிதி வருஷம் முடியுதும்மா. மீட்டர் இப்ப சிவில் டிபார்ட்மெண்ட்ல இருக்கு. ரிப்போர்ட் எழுதி முடிச்சாச்சு" என்றார். கொஞ்சம் வருத்தம் அவருக்கும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

பஸ்ஸில் விஜி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். வில்லிபுத்தூர் கோபுரம் தாண்டினதும் அம்மா பக்கம் திரும்பினாள்.

"எம்மா, பத்து வருஷமாக் கூரையில தொங்குனதத் தட்டுனமே, ஒரு நாள் விட்டு வச்சிருந்தா என்ன?"

வெள்ளத்தாய் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து முந்தியில் முடிந்தாள்.

பங்குனியில் காலேஜில் விழா. விதை நிதி வாங்கி முடித்த எல்லா ஆராய்ச்சியையும் அறிவிக்கிற நாள். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் என்று வெள்ளத்தாயை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். பால்கோவா டப்பா ஒன்று கொடுத்தார்கள். ரெண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றும் கொடுத்தார்கள். அவள் அதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பெலிக்ஸ் சார் எழுதின பாதியில், தூசி அளவுக்குள் இருக்கிறது என்று இருந்தது. ஷெரின் மேடம் எழுதின பாதியில், ஒன்பது பேருக்கு மூச்சுத்திறன் குறைவு என்று இருந்தது. ரெண்டையும் ஒட்டிக் கடைசியில் ஒரு வரி. பணியிடத்தில் தூசி இல்லாத காரணத்தால், இந்தக் குறைபாடு வீட்டு விறகடுப்புப் புகையால் ஏற்பட்டிருக்கக்கூடும். பெண்களுக்குச் சமையலறை விழிப்புணர்வு அளிக்கலாம்.

அவள் எழுந்து போய், சாப்பாட்டு வரிசையில் நின்ற ஷெரின் மேடத்தைப் பிடித்தாள்.

"எங்க வீட்டுல பதினாலு வருஷமாக் கேஸ் அடுப்பு மேடம்."

மேடத்தின் கையில் தட்டு இருந்தது. "எனக்குத் தூசி நார்மல்னு வந்துச்சும்மா. அப்ப வேற ஒரு காரணம் எழுதியாகணும். வழக்கமா விறகுப் புகைதான்…"

"எந்த வீட்டுல வெறகு எரியுதுன்னு ஒருத்திட்டயாவது கேட்டியளா?"

"கேள்வித்தாள்ல அந்தக் கேள்வி விட்டுப்போச்சு."

"நான் சார்ட்ட மாசியிலயே சொன்னேனே. தண்ணி தெளிச்சோம்னு. ஒங்கள்ட்ட சொல்லலையா அவிய?"

மேடம் திரும்பி, கூட்டத்தில் பெலிக்ஸ் சாரைத் தேடினார். சொல்லவில்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மேடையில் ரெண்டு பேரும் ஒரே கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டுதான் போட்டோவுக்கு நின்றார்கள். பல துறை இணைந்த சிறந்த ஆராய்ச்சி என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வாரமே முதலாளி அந்தச் சுருக்கத்தை லேமினேட் செய்து, தன் நாற்காலிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். திங்கட்கிழமை நாலு பெண்கள் போய், கூடுதான் இல்லை, தினமும் காலையில் கொஞ்சம் தண்ணீராவது தெளித்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள்.

"எதுக்கு?" என்றார் முதலாளி. "தூசி இல்லேன்னு யுனிவர்சிட்டியே எழுதிக் குடுத்துருச்சு. ரெண்டு டிபார்ட்மெண்டு சேர்ந்து எழுதியிருக்கு. ஒங்க அடுப்பங்கரைய மொதல்ல பாருங்க. பஞ்சு நனைஞ்சா நீங்களா மிஷின் வாங்கித் தருவிய?"

முன்னாலாவது தூசி இருக்கிறது என்று சொன்னால், இருக்கத்தான் செய்யும் என்பார். இப்போது இல்லை என்பதற்குச் சான்று தொங்குகிறது. இருமினால்கூட, வீட்டில் என்ன புகை என்று கேட்கிறார்.

வெளியே வந்ததும் தங்கபாய் வெள்ளத்தாயைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன். தொங்கட்டும்னேன். நீதாம்ட்டி வெளக்குமாத்தத் தூக்குன."

"நீ ஊதுபத்தி பொருத்துனியே."

"நீ சொன்னதுனால பொருத்துனேன்."

ரெண்டு பேரும் பதினஞ்சு நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசிக்கொண்டார்கள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே ஷெட்டில் நிற்கிறவர்கள் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருக்க முடியும்? ஆனால் அந்தச் சால்வையை வெள்ளத்தாய் ஒரு நாளும் போர்த்தவில்லை. அது ஷெட்டில் பஞ்சு மிஷின் மேல் மூடப் போயிற்று.

விஜியை நிறுத்திவிடலாம் என்று அவள் நினைக்காமல் இல்லை. நிறுத்தினால் மேசை இடம் போகும், மேசை இடம் போனால் வாசல் இடமும் போகும். பால்சாமியின் ஆட்டோவை மட்டும் நம்பி மூன்று பேர் உட்கார முடியாது. "அடுத்த ஆனியில நர்சிங் சேத்துவிடுதேன்" என்றாள். "ஊதச் சொல்லித்தான் எம்மா அங்கயும் சேப்பாவ" என்றாள் விஜி. அது உண்மையா என்று வெள்ளத்தாய்க்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது.

இந்த வருஷம் ஆடியில் முதலாளி சொல்லி அனுப்பினார். அதே காலேஜிலிருந்து மறுபடி ரெண்டு பேர் வருகிறார்களாம். புது விதை நிதி. திங்கட்கிழமை காலை.

திங்கட்கிழமை என்றதும் வெள்ளத்தாய் நிமிர்ந்தாள்.

அன்றைக்கு அவள் விடியுமுன் எழுந்து, முதல் பஸ்ஸில் போய், ஷெட்டு வாசலில் நின்றுகொண்டாள். மூலையிலிருந்த ஆறு விளக்குமாற்றையும் வாரிக் கட்டி, காலி மூட்டைகளுக்கு அடியில் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

"ஒருத்தி தூக்கப்படாது. ஒருத்தி தண்ணி தொடப்படாது" என்றாள். "கூரை எப்படித் தொங்குதோ அப்படியே தொங்கட்டும்."

"கோலமாவது?" என்றாள் தங்கபாய்.

"ஒரு புள்ளி வச்சேன்னா கைய ஒடிப்பேன்."

முதலாளி வந்து கத்தினார். மானத்தை வாங்குகிறாயா என்றார். வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார். வெள்ளத்தாய் மூட்டைகளை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் கத்தி முடிப்பதற்குள் கார் வந்துவிட்டது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் போடச் சொல்லியிருந்தாள். உள்ளே விஜி முதல் கூடையைத் தள்ளிவிட்டாள். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குத் தூசி எழும்பியது. ஜன்னல் வெயிலில் அது ஊர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, வருகிறவர்கள் உள்ளதை உள்ளபடி பார்க்கப் போகிறார்கள்.

காரிலிருந்து இறங்கினது வேறு ஆட்கள். சமுத்திரம் என்று ஒரு சின்ன வயது வாத்தியார், கூட ஒரு பெண். அவர் கம்ப்யூட்டர், அந்தப் பெண் மேனேஜ்மெண்ட். வாசலிலேயே ரெண்டு பேரும் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

"இங்க பாருங்க சார்" என்று வெள்ளத்தாய் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்தாள். "இதுதான் சார் உண்மை. போன தடவ நாங்கதான் தூத்துட்டோம். இன்னைக்கு ஒரு துரும்பத் தொடல. மீட்டர் எங்க சார்?"

"எந்த மீட்டரும்மா?"

"தூசி அளக்குறது."

அந்த ஆளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார். "எங்க புராஜெக்ட் வேறம்மா. பெண் தொழிலாளர்கள் செல்போன் எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு. தூசி எங்க சப்ஜெக்ட்ல வராது. அது வேற டிபார்ட்மெண்ட்."

"நீங்க போய் அவியள்ட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்? பாத்தேன்னு?"

"அவங்க புராஜெக்ட் முடிஞ்சிருச்சுல்ல" என்றார். பிறகு உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் யார் என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் வெள்ளத்தாயைப் பார்த்தார்கள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. தங்கபாய் போட்டாள், அவளுக்கும் சால்வை வரும்.

கூட வந்த பெண் தூசி தாங்காமல் வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுத் திரையைத் தொட்டுத் தொட்டுக் கேள்வி கேட்டது. நாலாவதாக விஜி போய் உட்கார்ந்தாள். வெள்ளத்தாய் தன் இடத்துக்கு வந்து ஊசியில் சணல் கோத்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்ப்பீங்க?"

விஜி வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. ரெண்டு இருமி, நிறுத்தி, மூச்சைத் தேடி, மறுபடி ஒன்று. திங்கட்கிழமை அல்லவா, கொஞ்சம் நீளமாகவே வந்தது. அந்தப் பெண் தங்கமான பெண். விரலைத் திரையில் வைத்தபடி, இருமல் முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. முடிந்ததும் அதே கேள்வியை மறுபடி கேட்டது.